மேனுவல் வண்டிக்கு வேறு மாடலின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தலாமா?

"என் வண்டி மேனுவல். அதே கம்பெனியின் இன்னொரு மாடலில் வரும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் ஓடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓடும். நான் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். "மலிவாக" என்ற சொல்லை மட்டும் இப்போதே அடித்துவிடுங்கள்.

என் வண்டி 1996ஆம் வருட லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 90. எஞ்சின் 2.5 லிட்டர் 300டிடிஐ டீசல், கியர்பாக்ஸ் ஐந்து கியர் ஆர்380 மேனுவல். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இங்கிலாந்து வந்து, ஷெஃபீல்டில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. 2016இல் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. டிஃபெண்டரின் கிளட்சை மிதித்தவர்களுக்குத் தெரியும், அது கிளட்ச் இல்லை, உடற்பயிற்சிக் கருவி. மேட்டில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். விற்க மனசு வரவில்லை. பழைய டிஃபெண்டரில் டீசல் எஞ்சினோடு ஆட்டோமேட்டிக்கைத் தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுத்ததும் கிடையாது. 1997இன் அமெரிக்க மாடலிலும் 50ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பிலும் கொடுத்தார்கள், அவை வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் வண்டிகள். ஆக, எனக்கு வேண்டுமென்றால் நானே மாற்ற வேண்டும்.

இதே எஞ்சினோடு ஆட்டோமேட்டிக் வந்த வண்டி ஒன்று இருந்தது, முதல் தலைமுறை டிஸ்கவரி. அதில் இருந்த பெட்டி ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி செய்த 4எச்பி22. 4 என்றால் நான்கு கியர், எச் என்றால் ஹைட்ராலிக், பி என்றால் பிளானெட்டரி. பிஎம்டபிள்யூ, வோல்வோ, பெஜோ, ஜாகுவார் என்று எண்பதுகளில் இந்தப் பெட்டி ஏறாத வீடு குறைவு. இந்தத் தகவலே என்னை ஏமாற்றியது. இத்தனை வண்டியில் ஓடும் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டேன்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு கடையில் 200 பவுண்டுக்கு ஒரு 4எச்பி22 கிடைத்தது. ரேஞ்ச் ரோவர் வி8 பெட்ரோலிலிருந்து கழற்றியது. "ஒரே பெட்டிதான், முன்பக்கம் மட்டும் மாற்றிக்கொள்" என்றார் கடைக்காரர். பொய் இல்லை, பாதி உண்மை. இந்தப் பெட்டியின் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு சேரும் முன்பக்க உறை, தனியாகக் கழன்று வரும். டிஸ்கவரி டீசலின் பெல் ஹவுசிங், ஃப்ளெக்ஸ் பிளேட், டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக, எஞ்சினின் முறுக்கை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது) மூன்றையும் வேறிடத்தில் வாங்கினேன். கன்வர்ட்டரையும் டீசலிலிருந்தே எடுக்கச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வாழ்நாளெல்லாம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். பெட்ரோல் எஞ்சின் மேல் சுற்றில்தான் பலம் காட்டும், டீசல் நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே முழு முறுக்கையும் கொடுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே கன்வர்ட்டர் சரிப்படாது. அவ்வளவு சொன்னவர் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். சரி, அது பிறகு.

கழற்றி மாட்டுவது இரண்டு பேருக்கு மூன்று வார இறுதி. அதில் ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டிகள் அதிகம் சாவது அங்கேதான். மேனுவலில் ஃப்ளைவீல் இருந்த இடத்தில் ஆட்டோமேட்டிக்குக்கு மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட் வரும், அதில் கன்வர்ட்டரை போல்ட் போட்டு இறுக்குவார்கள். கன்வர்ட்டரின் மறுமுனை பெட்டிக்குள் இருக்கும் ஆயில் பம்ப்பின் காடிகளில் போய் உட்கார வேண்டும். தள்ளிச் சுற்றினால் ஒரு தடவை "டக்" என்று இறங்கும், உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும். இன்னும் இறங்க வேண்டியிருக்கும். அது தெரியாமல் பெட்டியை எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை இறுக்கினால், இறுக இறுகக் கன்வர்ட்டர் பம்ப்பை நசுக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பெட்டி போய்விடும். பெல் ஹவுசிங் எஞ்சினைத் தொட்டபின்னும் கன்வர்ட்டர் கையால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் இடையே கொஞ்சம் சந்து தெரிய வேண்டும். சந்து இல்லையென்றால் நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பின்னால் இழுங்கள். போல்ட்டைக் கொண்டு இழுத்துச் சேர்க்கவே கூடாது. கிராங்க் முனையில் மேனுவல் பெட்டியின் தண்டுக்காக இருக்கும் சின்ன புஷ்ஷையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

மற்றவை எல்லாம் வேலைதான், வித்தை இல்லை. ஆயில் கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துக் குழாய் இழுத்தோம். பார்க் (P), நியூட்ரல் (N) நிலைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்சுக்கு ஒயர் போட்டோம். கிளட்ச் பெடலைக் கழற்றி பிரேக் பெடலை அகலமாக்கினோம். சக்கரங்களின் பக்கம் விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தைப் பெட்டியை மாட்டிவிட்டு, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது அளந்து பார்க்க வேண்டும், கேட்லாக்கை நம்பக் கூடாது. பழைய பெட்டியென்றால் ஃபில்டரை மாற்றுங்கள். அடியிலிருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது, நிறைய கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றினேன். இந்தப் பெட்டியில் ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் தப்பாகக் காட்டும்.

முதல் ஓட்டம். டி (டிரைவ்) போட்டதும் மெல்ல நகர்ந்தது. கிளட்ச் இல்லாத டிஃபெண்டர்! சந்து முனை வரை சந்தோஷம். பெரிய சாலையில் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். முதல் கியரிலேயே 4,000 சுற்றைத் தாண்டிக் கத்துகிறது, இரண்டாவதுக்குப் போக மறுக்கிறது. காலை எடுத்தால் உடனே மாறும். மிதித்தால் மாறாது. மேட்டில் ஏறும்போது மிதிக்காமல் எப்படி ஏறுவது? பெரியவரும் நானும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கிக் டவுன் கேபிளைத் திருகித் திருகிப் பார்த்தோம். தளர்த்தினால் கொஞ்சம் முன்னால் மாறியது, ஆனால் மாறும்போது வழுக்கியது. அந்தக் கேபிளில் விளையாடாதீர்கள். எஞ்சினுக்கு எவ்வளவு சுமை என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். தளர்ந்திருந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறையும், கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். வழுக்கலை உணர்ந்ததுமே பழைய அளவுக்கு இறுக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது அப்பாவிடம் புலம்பினேன். அப்பா பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவர், கிணற்று ஆயில் எஞ்சின் பழுது பார்த்தே எங்களைப் படிக்க வைத்தார். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஏறியதுகூட இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எப்ப கியர் மாத்தணும்னு அதுக்கு யாரு கண்ணு சொல்றாங்க?" என்றார். உள்ளே ஒரு கவர்னர் இருக்குதுங்கப்பா என்றேன். "கவர்னரா? எந்த எஞ்சினோட கவர்னர்?"

எனக்கு வாயடைத்துவிட்டது.

ஆயில் எஞ்சின் கவர்னரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும்போது எடைக்கட்டிகள் விரியும், ஸ்பிரிங் பிடித்து இழுக்கும். வேகம் கூடினால் விரிவு கூடும். 4எச்பி22இன் பழைய வகையிலும் அதே தத்துவம்தான், கம்ப்யூட்டர் கிடையாது. பெட்டியின் பின்பக்கத் தண்டில் உட்கார்ந்திருக்கும் கவர்னர், வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஆயில் அழுத்தத்தைக் கூட்டும். கிக் டவுன் கேபிள் பக்கமிருந்து எதிர் அழுத்தம் வரும். இரண்டும் ஒரு வால்வை இரு பக்கமிருந்து தள்ளும். கவர்னர் ஜெயித்தால் கியர் மேலே போகும், கேபிள் ஜெயித்தால் அங்கேயே நிற்கும். என் பெட்டியில் இருந்தது வி8 பெட்ரோலுக்கான கவர்னர். 5,000 சுற்றுக்கு மேலும் தாராளமாகப் போகும் எஞ்சினுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. என் டீசலோ சுமையே இல்லாமல் விட்டாலும் 4,600 பக்கம் நின்றுவிடும். அது காத்திருந்த வேகத்தை என் எஞ்சினால் எட்டவே முடியாது. உலோகம் எல்லாம் பொருந்தியது. யாருக்காகச் செய்த கணக்கு என்பதுதான் பொருந்தவில்லை.

டிஸ்கவரி டீசல் பெட்டியிலிருந்து கழற்றிய கவர்னர் ஒன்றைத் தேட ஒரு மாதம். மாட்ட மறுபடி டிரான்ஸ்ஃபர் கேஸை (கியர்பாக்ஸுக்குப் பின்னால், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது) இறக்க வேண்டும், பின் ஹவுசிங்கைக் கழற்ற வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் சாமானுக்கு இரண்டு நாள் முதுகு வலி. மாட்டியபின் முழு மிதியிலும் 4,000 வருவதற்குள் மாறியது. அசல் டிஸ்கவரி அளவுக்கு நயம் இல்லை, வால்வுகளின் பக்கமும் ஏதாவது வித்தியாசம் இருக்கலாம். எனக்கு இது போதும்.

கியர் விகிதத்தையும் பேப்பரில் போட்டுப் பாருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். எண் பெரிதென்றால் இழுவை அதிகம். டிஃபெண்டரின் டிரான்ஸ்ஃபர் கேஸ் 1.41, டிஸ்கவரியுடையது 1.22. ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.48தான், மேனுவலில் 3.69. பார்த்தால் பயமாக இருக்கும், வண்டி இழுக்குமா என்று. ஆனால் நகரும் நேரத்தில் கன்வர்ட்டரே முறுக்கைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும். அதனால் துணிந்து 1.22 போட்டேன். என் டயருக்கு மணிக்கு 60 மைலில் நான்காவது கியரில் சுமார் 2,100 சுற்று. முன்பு ஐந்தாவதில் 2,500 ஓடியது. வண்டிக்குள் பேசினால் காது கேட்கிறது, அது டிஃபெண்டரில் பெரிய விஷயம்.

அப்புறம், நான்கு சக்கர வண்டிக்காரர்களுக்கு மட்டும்: பி (பார்க்) என்பது பெட்டியின் தண்டைத்தான் பூட்டும். அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பூட்டு சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பி போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் நான் இறங்கி நடக்க, வண்டி என் பின்னால் வந்தது. தோட்டத்து வேலி காப்பாற்றியது. டிஃபெண்டரில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருப்பதால் அது பிடிக்கும், அதை இழுக்காமல் இறங்காதீர்கள். பாட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் பெட்டிக்குள் அழுத்தம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 200 பவுண்டு பெட்டி, முடிக்கும்போது 2,000ஐத் தொட்டது. கூலி இல்லாமல். மோதிய டிஸ்கவரி ஆட்டோமேட்டிக் ஒன்றை முழுசாக வாங்கியிருந்தால் கேபிள், லீவர், கூலர், போல்ட் வரை எல்லாம் அதிலேயே இருந்திருக்கும், மிச்சத்தை விற்றுக் காசும் பார்த்திருக்கலாம். அதனால் மாடல் ஒன்றா என்று பார்க்காதீர்கள், எஞ்சின் ஒன்றா என்று பாருங்கள். கடையில் பெட்டியாக அல்ல, வண்டியாக வாங்குங்கள்.

இதெல்லாம் கேபிளும் கவர்னரும் இருந்த காலத்து வண்டிக்கு. உங்களுடையது கடந்த பதினைந்து இருபது வருடத்து வண்டியென்றால் கவர்னரின் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் ஓயாமல் பேசிக்கொள்ளும், ஏபிஎஸ்ஸும் நடுவில் கேட்கும். பேச்சு புரியாவிட்டால் பெட்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு விளக்கை எரியவிடும். தனிக் கன்ட்ரோலர் வைத்து இசட்எஃப் எட்டு கியர் பெட்டியைப் பழைய டிஃபெண்டரில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பணத்துக்கு உங்கள் வண்டியை விற்றுவிட்டு அதே மாடலின் ஆட்டோமேட்டிக்கையே வாங்கலாம். அதைத்தான் செய்வேன்.

சட்டத்தையும் பாருங்கள். நான் மாற்றிய காலத்தில் இங்கே பிரிட்டனில் மதிப்பெண் முறை: சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், டிரான்ஸ்மிஷன், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. அசலாக 8 மிஞ்சினால் பழைய பதிவெண் தங்கும். எனக்கு 2 போய் 12 மிஞ்சியது. இன்ஷூரன்ஸில் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்கள் இந்தியாவில் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும், கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடமாட்டார்கள். காலில் குறை என்று மாற்றுகிறீர்கள் என்றால் அதற்குத் தனி வழி உண்டு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

வண்டியின் எஞ்சின் எது, கடையில் பார்த்த பெட்டி எந்த எஞ்சினோடு இருந்தது என்று கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த வி8 கவர்னர் இன்னும் ஷெட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்காரர் யாராவது கேட்டால் சும்மாவே தருகிறேன்.