கேள்வித்தாளைப் பிறகு அச்சிடலாம்

கேள்வி: பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பகுதி நேரமாக முதுகலை படிக்கிறேன். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும் எரிசக்தியும் என்பது ஆய்வுத் தலைப்பு. 300 ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுக்கத் திட்டமிட்டிருந்தேன். ஆய்வுமுறை வலுவாக இல்லை என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். எதைக் கற்பது, எங்கே தொடங்குவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, உங்கள் மேற்பார்வையாளர் சொன்னது சரி. "உங்கள் நிறுவனம் மின்சாரத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்துகிறதா?" என்று 300 பேரைக் கேட்டால் 300 அபிப்பிராயங்கள் கிடைக்கும். மீட்டர் ஓடியது எவ்வளவு என்பது அவற்றில் இருக்காது. நிறுவனம் சொல்வதையும் செய்வதையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் ஆய்வு. அதற்கு நீங்கள் முதலில் கற்க வேண்டியது உள்ளடக்கப் பகுப்பாய்வு, அதாவது எழுதியிருப்பதை ஒரு விதிப்படி மதிப்பெண் போட்டு அளப்பது.

சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2015இல் விதிகளைத் திருத்தியதிலிருந்து, அதில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு நிலைத்தன்மை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு) பற்றியும் எழுதியாக வேண்டும். யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஒரே ஒரு நிறுவனத்தின் எரிசக்திப் பக்கத்தை அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். "சிக்கனத்தில் உறுதியாக இருக்கிறோம்" என்ற வாக்கியத்துக்கு 0. என்ன செய்தார்கள் என்று சொன்னால் 1. அளவும் அலகும் இருந்தால் 2. முந்தைய ஆண்டின் அளவும் கூடவே இருந்தால் 3. அதே பக்கத்தை ஒரு தோழியிடம் கொடுத்துத் தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே உங்கள் விதி தெளிவாக இல்லை, திருத்துங்கள். இந்த ஒப்புமையை அளக்கக் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா என்ற கணக்கு உண்டு. 0.80க்கு மேல் வந்தால் நம்பிக்கையோடு முன்னேறலாம்.

அடுத்து எண்களைப் படிக்கப் பழகுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு தொழிற்சாலை சென்ற ஆண்டு 10 மில்லியன் கிலோவாட் மணி செலவழித்து 2 மில்லியன் பொருள்கள் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருளுக்கு 5 கிலோவாட் மணி. இந்த ஆண்டு 12 மில்லியன் கிலோவாட் மணியில் 3 மில்லியன் பொருள்கள், பொருளுக்கு 4. "20 விழுக்காடு குறைத்தோம்" என்று அறிக்கை சொல்லும், அது பொய்யில்லை. ஆனால் மொத்தப் பயன்பாடு 20 விழுக்காடு கூடியிருக்கிறது! இரண்டையும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில் குறித்துவையுங்கள். சிலர் கிகாஜூலில் எழுதுவார்கள். 1,000 கிலோவாட் மணி என்பது 3.6 கிகாஜூல். தமிழ்ப்பள்ளிக்குச் சூரியத் தகடு பொருத்திக் கொடுத்தது நல்ல காரியம்தான், ஆனால் அது நிறுவனத்தின் சொந்த மின்பயன்பாட்டுக் கணக்கில் வராது. அதற்கும் தனிப் பத்தி வேண்டும்.

ஆண்டுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பெரிய நிறுவனங்கள் 2025 முதல் படிப்படியாக நிலைத்தன்மை அறிக்கைக்கான அனைத்துலகத் தரத்துக்கு மாறுகின்றன. எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான் நடப்புக்கு வந்தது. விதி கட்டாயப்படுத்தியதால் கூடிய விவரங்களை நிறுவனத்தின் மனமாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.

இதற்குப் பிறகு நேர்காணல். ஐந்தாறு பேர் போதும், ஆனால் மின்கட்டணத்தைக் கையில் பிடித்த ஆட்களாக இருக்க வேண்டும்: எரிசக்தி மேலாளர், பராமரிப்புப் பொறியாளர், கணக்காளர். "எப்படிச் சேமிக்கிறீர்கள்?" என்று கேட்டால் அறிக்கையில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். "பழைய குளிரூட்டும் இயந்திரத்தை மாற்ற யார் பணம் கேட்டார், யார் மறுத்தார், எத்தனை மாதம் இழுத்தது?" என்று ஒரு முடிவைப் பிடித்துக் கேளுங்கள். கேள்வித்தாள் இன்னும் தேவைதானா என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தையே ஆராய்வதாக இருந்தால், நிர்வாகத்தின் எழுத்துவழி அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முதல் நேர்காணலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மேசைமேல் கிடந்த மின்கட்டண ரசீதைப் படம் பிடித்து ஆய்வேட்டில் சேர்த்தால் ஆய்வும் போகும், வேலையும் போகும்.