அம்மாவின் சிஆர்பி 90: சீழ்தானா?
வணக்கம். இடுப்பு மூட்டு மாற்றி 6 வருடம் கழித்து அம்மா வழுக்கி விழுந்து, உள்ளே வைத்த செயற்கை மூட்டின் தண்டைச் சுற்றித் தொடை எலும்பு உடைந்துவிட்டது, சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை அளவு) 90, சீழ் பிடித்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு எண்ணை வைத்துப் பயந்துவிடாதீர்கள். எலும்பு முறிந்தாலே சிஆர்பி, அதேபோன்ற இன்னொரு ரத்த அளவான ஈஎஸ்ஆர் இரண்டும் ஏறும்.

சீழ் முன்பே இருந்ததா என்று அறிய இவை உதவும்: விழுவதற்கு முன்பே அந்தத் தொடை வலித்ததா? ராத்திரி படுத்திருக்கும்போதும் குடைந்ததா? பழைய தழும்பில் எப்போதாவது நீர் கசிந்ததா? அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் முறிவின் ரத்தம் கலந்தால் அதிலுள்ள வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை குழப்பும். ஆபரேஷனின்போது ஐந்தாறு இடத்தில் திசு எடுத்து 14 நாள் வரை கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) வைப்பார்களா என்று கேளுங்கள். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிருமி இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் போய்விடலாம்.