இறைச்சி, மீன், சுற்றுச்சூழல்: கேள்வி பதில்

மாடு விடும் காற்றால்தான் பூமி சூடாகிறதாமே?

பின்பக்கத்தை விடுங்கள், பெரும்பகுதி ஏப்பத்தில் வருகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் புல்லை நொதிக்க வைக்கும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகும். கோழிக்கும் பன்றிக்கும் அந்த இரைப்பை இல்லை. 2018இல் 119 நாடுகளின் பண்ணைகளை வைத்து வந்த ஆய்வின்படி, 100 கிராம் புரதத்துக்கு இறைச்சி மாடு சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வு. கோழி 6 கிலோவுக்கும் கீழே. பட்டாணி அரைக் கிலோகூட இல்லை. எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அலகைப் பாருங்கள்: ஒரு கிலோ இறைச்சிக்கா, 100 கிராம் புரதத்துக்கா?

ஆட்டிறைச்சி?

ஆடும் அசைபோடும்.

பக்கத்து ஊர் இறைச்சியாக வாங்கினால் போதுமா?

உணவு உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். விமானத்தில் வரும் மீன் போன்றவை விதிவிலக்கு.

மீனுக்கு மாறிவிட்டேன், சரிதானே?

எந்த மீன், எப்படிப் பிடித்தது? கடல் மீனில் உமிழ்வு பெரும்பாலும் படகின் டீசல். கூட்டமாகத் திரியும் மத்தி, நெத்திலியை வளைத்துப் பிடிக்க எரிபொருள் குறைவு. இறாலுக்காகக் கடலடியில் இழுவை வலை போனால் டீசலும் அதிகம், வேண்டாத உயிர்களும் சேர்ந்து அள்ளப்படும். பண்ணை இறாலுக்காக அலையாத்திக் காடுகளை வெட்டியிருக்கிறார்கள். சிப்பிக்கும் மட்டிக்கும் தீனியே போட வேண்டாம், நீரை வடிகட்டித் தின்னும்.

மேய்ச்சல் மாடு மண்ணில் கரியை (கார்பனை) சேர்க்கிறதே, அதைச் சொல்ல மாட்டீர்களா?

சேர்க்கும். சில பத்தாண்டுகளில் மண் நிறைந்துவிடும், ஏப்பம் நிற்காது. புல் மட்டும் தின்னும் மாடு மெதுவாக வளர்வதால் கூடுதல் காலம் ஏப்பம் விடும்.

மீத்தேன் 12 வருடத்தில் கரைந்துவிடும். மந்தை பெருகாவிட்டால் புதிய சூடு ஏது?

பாதி சரி. பெருகாத மந்தை புதிதாகச் சேர்க்கும் சூடு கொஞ்சம்தான், ஆனால் ஏற்கெனவே ஏறிய சூட்டை அப்படியே வைத்திருக்கும். சீக்கிரம் கரைவதால்தான் மந்தையைக் குறைத்தால் பலனும் சீக்கிரம் தெரியும். இங்கேயும் அலகு! 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடேற்றும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல்.

உள்ளூர் மாட்டிறைச்சி என்றால்?

மேலே பாருங்கள்.

இதய நோய்க்கு எது நல்லது?

மருத்துவரைக் கேளுங்கள்.

மறுபடி நான்தான், மேய்ச்சல்காரன். பயிர் விளையாத நிலத்தில் மேய்ந்தால்?

அது நியாயம். மனிதர் தின்ன முடியாத புல் புரதமாகிறது. ஆனால் அந்த நிலங்களில் மட்டும் வளர்த்தால் கிடைக்கும் இறைச்சி, உலகம் இப்போது தின்பதில் சிறு பங்குதான்.