அலுமினிய ரேடியேட்டர்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: என் அம்பாசடரில் பழைய 1489 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின் வைத்திருக்கிறேன். அலுமினிய ரேடியேட்டரில் குழாய்கள் மூன்று வரிசை போதுமா, நான்கு வேண்டுமா?

வரிசையை எண்ணாதீர்கள், குழாயின் அகலத்தைக் கேளுங்கள். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்புதான் உசத்தி. அப்புறம் அலுமினியம் எப்படி ஜெயிக்கிறது? பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரில் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குல அகலம்தான். அதற்கு மேல் போனால் அழுத்தத்தில் உப்பிவிடும். உப்பாமலிருக்கத் தகட்டைத் தடிமனாக்கினால் எடை ஏறும். அலுமினியத்தில் ஒரு அங்குலக் குழாய் சர்வசாதாரணம். குழாயை ஃபின் (குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடு) தொடும் பரப்பு கூடுகிறது, நடுவில் ஈயப் பற்றும் கிடையாது. அதனால் ஒரு அங்குலக் குழாய் இரண்டு வரிசை இருந்தால், பழைய நான்கு வரிசைக்கு ஈடுகொடுக்கும். உங்கள் இன்ஜினுக்கு அதுவே தாராளம். வரிசையைக் கூட்டினால் பின்வரிசைக்குப் போய்ச் சேருவது ஏற்கெனவே சூடான காற்றுதான். கிரில்லுக்குப் பின்னால் இடம் இருந்தால் தடிமனைக் கூட்டாமல் ரேடியேட்டரின் முகப்பைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: பத்மினி கார் வைத்திருக்கிறேன். சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறுகிறது, ஓட்டினால் இறங்குகிறது. ரேடியேட்டரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒட்டி நின்று, மூலைகளில் விழுந்துவிட்டால் ஷ்ரௌட் (ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு) இல்லை, அல்லது சரியாக மூடவில்லை. முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால்தான் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங் பக்கம் போக வேண்டும்.

கேள்வி: அலுமினியத்துக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். அப்படி ஓடிய ஒன்றைப் பட்டறையில் அறுத்துப் பார்த்தேன். குழாய் வாயெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. விரலால் தேய்த்தால் அடியில் குண்டூசிக் குத்துபோல் பள்ளங்கள். நல்ல ரேடியேட்டர் வீணானது. அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

அலுமினியத்தை அரிக்கும் இன்னொரு எதிரி மின்கசிவு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை கூலன்ட்டிலும் வையுங்கள். சிவப்பு முனை உலோகத்தில் படக்கூடாது. விளக்கு, ஃபேன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. கூடினால், அப்போது போட்ட சாதனத்தின் எர்த்தைச் சரிசெய்யுங்கள். ரேடியேட்டரை ரப்பர் புஷ் வைத்தே மாட்டுங்கள். எந்த எர்த் வயரையும் அதில் கட்ட வேண்டாம்.

கேள்வி: புது ரேடியேட்டருடன் 15 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி வந்திருக்கிறது. பழையது 7. அப்படியே போடலாமா?

ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறும் என்பதால் நல்லதுதான். ஆனால் பழைய ஹோஸ்கள் தாங்காது. அவற்றை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு குறையும் என்கிறார் மெக்கானிக்.

கழற்ற வேண்டாம். சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது; அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். பெட்ரோலும் தேய்மானமும்தான் கூடும். சந்தேகமிருந்தால் அதைக் கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.