‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி: பழைய கார் கேள்வி – பதில்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றுவதில்லை. பேட்டரி புதியது, மீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பியூஸ் பெட்டிப் பக்கமிருந்து மெல்லிசாக வந்தால் அது ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). அடுத்த பதிலைப் படியுங்கள். இன்ஜினுக்குக் கீழிருந்து கனமாக வந்தால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது. அப்படியென்றால் சாவியும் சின்ன வயர்களும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. பெரிய கரண்ட் போகும் தடித்த வயர் பாதையில்தான் கோளாறைத் தேட வேண்டும்.

நீங்கள் பார்த்த 12.6 வோல்ட், பேட்டரி சும்மா இருந்தபோது எடுத்த அளவு. செல்ஃப் மோட்டார் சுற்ற 100 முதல் 200 ஆம்பியர் வரை வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு அடியில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 150 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டில் நம்பிப் பார்க்க முடியாது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது வோல்ட்டை அளப்பதுதான் வழி.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் தற்செயலாக ஸ்டார்ட் ஆகாதிருக்க பெட்ரோல் பம்ப் பியூஸைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள வண்டியென்றால் அதன் நடு ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிடுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும்.

மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் ஈயத் தண்டுகளிலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள். சாவியைத் திருப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியில் வலுவில்லை, அல்லது செல்ஃபோ இன்ஜினோ இறுகிப்போய் கரண்டை அளவுக்கு மீறி இழுக்கிறது. புதிய பேட்டரியும் சார்ஜ் இறங்கிப்போயிருக்கலாம் என்பதால் முதலில் சார்ஜ் செய்து பாருங்கள். ‘டகடகடக’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே.

வோல்ட் இறங்காமல் நிற்கிறதா? ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் தண்டிலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய வண்டிகளில் பலரும் தவறவிடும் இடம் இது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் எர்த் பட்டை துருப்பிடித்து உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே பார்க்க முழுசாக இருக்கும். பாடி எர்த் தனியாக இருப்பதால் ஹெட்லைட்டும் பளிச்சென்று எரியும். ஒரு ஜம்பர் கேபிளால் பேட்டரி மைனஸையும் இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பையும் இணைத்துப் பாருங்கள். செல்ஃப் அடித்தால் அந்தப் பட்டையை மாற்றினால் போதும்.

பிளஸ் தண்டுக்கும் சொலினாய்டில் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. அதுவும் சரியென்றால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்களையும் எர்த்தோடு வைத்து அளந்து பாருங்கள். சாவியைத் திருப்பும்போது பேட்டரி பக்க போல்ட்டில் 12 வோல்ட் இருந்து, மோட்டார் பக்க போல்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் சொலினாய்டுக்குள் செம்புக் கான்டாக்ட் தீய்ந்திருக்கிறது. இரண்டிலும் 12 வோல்ட் இருந்தும் மோட்டார் அசையவில்லையென்றால், அதன் சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டும்போது சுற்றினால் சந்தேகமே வேண்டாம். இந்த நிலையில்கூட பல மாடல்களில் பிரஷ், கான்டாக்ட் தனியாகக் கிடைக்கும். முழு மோட்டாரும் தேவைப்படாது. கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன.

பதில்: உங்கள் வண்டியில் சின்ன வயர் பாதையைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயலுங்கள். அப்போது செல்ஃப் அடித்தால் கியர் லீவர் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் அட்ஜஸ்ட்மென்ட் நகர்ந்திருக்கிறது. மேனுவல் வண்டி சிலவற்றில் கிளட்ச் பெடலின் மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அமுக்கும் பிளாஸ்டிக் பொத்தான் உடைந்து விழுந்தாலே செல்ஃப் அடிக்காது.

இதிலெல்லாம் பழுதில்லையென்றால் சொலினாய்டின் சின்ன வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். நன்றாக எரிந்தால் வயர் சரி, சொலினாய்டு காயில்தான் போயிருக்கிறது. எரியாவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி ரிலே, இக்னிஷன் சுவிட்ச் என்று போக வேண்டும். ரிலேவை அதே வகை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சாவியை ஆட்டி ஆட்டித் திருப்பினால் சில நேரம் அடிக்கிறது என்றால் இக்னிஷன் சுவிட்ச்சின் உள் கான்டாக்ட் தேய்ந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் போல்ட்களை இணைத்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. கியரில் இருந்தால் வண்டி ஆள் மேலேயே ஏறிவிடும்.

கேள்வி: செல்ஃப் நன்றாக அடிக்கிறது. ஓட்டிவிட்டு நிறுத்திச் சூடாக இருக்கும்போது மட்டும் இன்ஜின் பற்ற மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது.

பதில்: பற்றாத அந்த நேரத்திலேயே ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆறிய பிறகு பார்த்தால் எதுவும் தெரியாது. ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால், இன்ஜெக்ஷன் வண்டியில் முதல் சந்தேகம், இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் பொசிஷன் சென்சார் மீது விழ வேண்டும். சூட்டில் அதன் உள் காயில் விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சிறிதும் அசையாவிட்டால் பல வண்டிகளில் அது இதற்கான குறி. டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் ஸ்பார்க்கை உண்டாக்கும் இக்னிஷன் காயிலும் அதை இயக்கும் மாட்யூலும் இதே மாதிரி சூட்டில் படுத்துக்கொள்ளும்.

ஸ்பார்க் நன்றாக இருந்து கார்புரேட்டர் வண்டியாகவும் இருந்தால், இன்ஜின் சூட்டில் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். ஆக்சிலேட்டரைக் கடைசி வரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் இறங்கும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் நல்ல செல்ஃப் மோட்டாரும் வெந்துவிடும்.

கேள்வி: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது இன்ஜின் பற்றுகிறது. கையை எடுத்ததுமே அணைந்துவிடுகிறது. பாயின்ட் (காயிலின் கரண்டை வெட்டிச் சேர்க்கும் சின்ன கான்டாக்ட்) வைத்த மிகப் பழைய வண்டி.

பதில்: இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு நேரடியாக பேட்டரி கரண்ட் போகும். கையை எடுத்ததும் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் ஸ்பார்க் அந்த நொடியே நின்றுவிடும். சாவி ‘ஆன்’ நிலையில் இருக்கும்போது ரெசிஸ்டரின் ஒரு பக்கம் 12 வோல்ட் வந்து மறுபக்கம் ஒன்றும் இல்லையென்றால் அதே ஓம் அளவுள்ள புதியதை மாட்டுங்கள். ஒரு வயரால் இணைத்து ரெசிஸ்டரைத் தாண்டி நெடுநேரம் ஓட்ட வேண்டாம். காயிலும் பாயின்ட்டும் எரிந்துவிடும். இரண்டு பக்கங்களில் எதிலுமே வோல்ட் வராவிட்டால் ரெசிஸ்டரை விட்டுவிட்டு இக்னிஷன் சுவிட்ச்சைக் கவனியுங்கள்.