எறும்பு வேடம் ஒன்று, வம்சம் வேறு

மிர்மராக்னே, சரிண்டா என்ற இரண்டு தாவும் சிலந்திப் பேரினங்களும் பார்க்க அச்சு அசலாக எறும்பு மாதிரியே இருக்க, சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவை வைத்து நீங்கள் வரைந்த வம்ச மரத்தில் மட்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன, எங்கே தவறு என்று கேட்டிருந்தீர்கள். அவை பிரிந்து நிற்பதில் தவறே இல்லை. தாவும் சிலந்திகளில் எறும்பு வேடம் பலமுறை தனித்தனியாகத் தோன்றியது. சிலந்தி ஆய்வாளர் மாடிசனின் 2015 வகைப்பாட்டில் மிர்மராக்னே அஸ்டியாய்டு கூட்டத்தில் இருக்கிறது, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த சரிண்டா அமிகாய்டு கூட்டத்தில். இடுங்கிய இடுப்பு, ஆன்டெனா போல் ஆட்டும் முன்கால் இதையெல்லாம் உறவுக்குச் சான்றாக எடுத்தால் வழுக்கிவிடும்.

ஆணின் பெடிபால்ப்பை, அதாவது வாயருகே இருக்கும், விந்தைச் செலுத்த உதவும் சிறு உறுப்பை, கீழ்ப்பக்கமிருந்து நுண்ணோக்கியில் பாருங்கள். மிர்மராக்னேயில் விந்தைச் செலுத்தும் மெல்லிய முனையான எம்போலஸ், பெடிபால்ப்பின் குமிழைச் சுற்றி வளையமாகக் கிடக்கும், கடிகாரச் சுருள் மாதிரி. வேடத்துக்கு இதனால் லாபமில்லை. அதனால்தான் நான் இடுப்பைவிட இதை நம்புவேன். பெரிய ஆணின் நீண்ட தாடைகளைப் பார்த்து மயங்க வேண்டாம், அது வேறு கதை.

அப்புறம் சிஓஐ. நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது போதும். ஆழமான கிளைகளில் ஒரே இடத்தில் மாற்றத்தின் மேல் மாற்றம் குவிந்து, பழைய தடம் அழிந்துவிடும். 28எஸ் மாதிரி மெதுவாக மாறும் அணுக்கரு மரபணு ஒன்றையாவது சேர்த்து ஓட்டுங்கள். மரத்துக்கு வேர் காட்ட, ஒப்பிடும் வெளிக்குழுவாக என்ன வைத்தீர்கள்? இந்த இரண்டும் அடங்கும் சால்டிசினே துணைக்குடும்பத்துக்கு வெளியே ஒன்று வேண்டும், போர்ஷியா என்ற தாவும் சிலந்தி கிடைத்தால் நல்லது.