பி.எட். வேண்டாம், பியூரெட் போதும்

ஏர்வாடியிலிருந்து ஒரு அம்மாவின் கவலை இது. மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். லேப் வேலைதான் வேண்டும் என்கிறாள். தாய்மாமனோ, "கெமிக்கல் கம்பெனின்னா நைட் ஷிப்ட். நாளைக்குப் பிள்ளை குட்டின்னா யாரு பாக்குறது? பி.எட். சேத்து விடு" என்கிறார்.

கவலைப்படாதீங்கம்மா என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மாமனின் கணக்கே உதைக்கிறது. பி.எட். 2 வருஷம்; அரசுப் பள்ளிக்கு அதன்பின் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் போட்டித் தேர்வு. பாடம் நடத்தப் பிடிக்காத பிள்ளைக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

மாமன் பயத்தில் பாதி நிஜம். ரசாயன வினை நடக்கும் ரியாக்டர் கலன் இரவில் நிற்காது; உற்பத்திப் பிரிவில் ஷிப்ட் மாறும். பெரிய மருந்து ஆலை லேபிலும் அப்படியே. ஆனால் பக்கத்திலிருக்கும் உப்பு லேபை யாரும் நினைப்பதில்லை. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே இருக்கிறது. கரையோரம் தனியார் உப்பளங்களும் உண்டு. காலியிடம் எப்போதும் இருக்காது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உப்புச் சோதனை பெரும்பாலும் பகலில்தான்.

அயோடின் சோதனையைப் பாருங்கள். 10 கிராம் உப்பை 50 மி.லி. நீரில் கரைத்து, 2 நார்மல் (செறிவின் அளவு) கந்தக அமிலம் 1 மி.லி., 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 5 மி.லி. சேர்த்து, மூடி 10 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கூடுதல் அயோடின் பிரிந்து, மட்டமான உப்பும் தேறிவிடும். பிறகு 0.005 நார்மல் தயோசல்பேட் கரைசலைப் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, நிறம் போகும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் மஞ்சளான பின்புதான், அயோடினை நீலமாகக் காட்டும் ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். முந்தினால் நீலம் லேசில் போகாது, அளவு பிசகும். செலவான தயோசல்பேட் மி.லி.யை 10.58ஆல் பெருக்கினால் அயோடின் அளவு பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) வரும். கடை உப்பில் குறைந்தது 15 வேண்டும். 1.4 மி.லி. என்றால் 14.8, தேறாது, 1.45 என்றால் தேறும். வித்தியாசம் ஒரே ஒரு சொட்டு. கல்லூரி லேபில் இந்தச் சொட்டுக்காகப் பொறுமையாக நின்ற பிள்ளை என்றால் அவள் ஆசையை அணைக்காதீர்கள்.

முதல் சம்பளம் சிறிதுதான். அதைவிட, வேலை ஆர்டரைக் கம்பெனி பெயரில் தருகிறார்களா, கான்ட்ராக்டர் பெயரிலா என்று பாருங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். கான்ட்ராக்டில் பெயரை அவ்வப்போது வெட்டிச் சேர்த்தால் இந்த 80 நாளை நிரூபிக்க அலைய வேண்டிவரும். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சேரும் முன் ஒருநாள் மகளோடு காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பிப் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மாமனிடம் கேட்காதீர்கள், கண்டக்டரிடம் கேளுங்கள்.